முந்துவது எழுத்தா, திரையா?

புகழ்பெற்ற நெடுங்கதை ஒன்று தொலைக்காட்சித் தொடராக வரப்போகிறது என்னும் செய்தி கிடைத்தவுடன், படிக்கும் பழக்கமுள்ள வீடுகளில் ஒரு சிறிய வழக்குத் தொடங்கிவிடுகிறது. நூலை முதலில் படிப்பதா, தொடரை முதலில் பார்ப்பதா? ‘பார்த்துவிடுவோம், பிடித்திருந்தால் பிறகு படிப்போம்’ என்பது இளையவர் கட்சி. ‘படித்துவிட்டுப் பார், அப்போதுதான் பார்ப்பது இன்னதென்று விளங்கும்’ என்பது மூத்தவர் கட்சி. இரு கட்சிக்கும் நடுவே அமர்ந்திருக்கும் நம் போன்றோர் ஒரு புன்னகையோடு நின்றுவிடுவது வழக்கம். ஆயினும் இவ்வழக்கில் நமக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு.

குடும்பக் கதையாயின் இந்த வழக்கை அவரவர் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். அதில் வரும் தெருவும் திண்ணையும் நாம் கண்டவை. மாமியாரும் மருமகளும் எந்த ஊரிலும் இருப்பவர்கள். மாயக்கதையின் நிலை அதுவன்று. அதில் வரும் தீவை எவரும் கண்டதில்லை. அதன் கடலில் எவரும் கலம் செலுத்தியதில்லை. ஆசிரியர் சொற்களை மட்டுமே தருகிறார். அச்சொற்களைக்கொண்டு மலையையும் துறைமுகத்தையும் மனிதரின் முகத்தையும் தம் மனத்துள் கட்டி எழுப்புபவர் வாசகரே. அந்த வேலையைத் திரை முந்திக்கொண்டு செய்துவிட்டால் வாசகர் செய்வதற்கு என்ன மிஞ்சும்? ஹாரி பாட்டரின் முதல் நூல் 1997இல் வந்தது. திரைப்படம் 2001இல் வந்தது. இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளில் படித்த ஒவ்வொரு சிறுவனிடமும் அவனுக்கே உரிய ஒரு ஹாரி இருந்தான். படத்தை முதலில் பார்த்தவர்க்கோ நூலின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த நடிகரின் முகமே வந்து நிற்கிறது. கண் கண்டதை மனம் அழிப்பது எளிதன்று.

பார்ப்பதே முதலில் என்போரின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய கதைகள் ஒரு நூலோடு முடிவதில்லை. ஐந்து நூல், ஏழு நூல் என நீள்கின்றன. பெயர்களோ வெள்ளமாக வருகின்றன. எவர் எவருக்கு அண்ணன், எந்தக் கொடி எந்தக் கோட்டையினுடையது என்பது விளங்குவதற்குள் முதல் நூலின் பாதி கழிந்துவிடுகிறது. திரையில் முகங்களைப் பார்த்துவிட்டால் பெயர்கள் மனத்தில் நிற்கும் என்கிறார்கள். அது உண்மையே. நூலைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்ப்பவர் குறை காண்பதிலேயே பொழுதைக் கழிக்கிறார், பக்கத்தில் இருப்பவரையும் பார்க்க விடுவதில்லை என்கிறார்கள். அதுவும் உண்மையே! இன்னும் ஒன்று: ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நெடுங்கதைத் தொகுதியில் முதல் நூல் 1996இலும் ஐந்தாம் நூல் 2011இலும் வெளிவந்தன. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்னும் பெயரில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதும் அதே 2011இல்தான். 2016இல் தொடர் நூலை முந்திக்கொண்டு ஓடிற்று. 2019இல் எட்டாம் பருவத்தோடு, 73 பகுதிகளில், தொடர் முடிந்தேவிட்டது. ஆறாம் நூல் அன்றுவரை அச்சேறவில்லை. கதை முழுவதையும் படித்துவிட்டுத்தான் பார்ப்போம் என்று நோன்பு நோற்றவர் என்ன செய்திருப்பார்? பாவம், நோன்பு திறக்கும் நேரமே அவருக்கு வரவில்லை!

இந்த வாதங்கள் எல்லாம் வசதியைப் பற்றியவை. எளிதாகப் புரிவது எது, இன்பம் குறையாமல் இருப்பது எப்படி என்பவை. வசதியைவிடப் பெரியதொன்று இந்த வரிசைக்குள் ஒளிந்திருப்பதை நமக்குக் காட்டிய கதை வேறு. அது உர்சுலா கே. லெ குவின் அம்மையாரின் ‘எர்த்ஸீ’ கதைகள்.

அம்மையார் 1929இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தவர். மானிடவியல் அறிஞர் ஒருவரின் மகள். 1967இல் அவ்வூர்ப் பதிப்பாளர் ஒருவர், வளர்ந்த சிறுவர்க்காக ஒரு நூல் எழுதித் தருமாறு கேட்டார். அம்மையார் சிந்தித்தார். மந்திரவாதி என்றாலே கதைகளில் நரைத்த தாடியும் நீண்ட அங்கியுமாக ஒரு கிழவர்தாம் வருகிறார். அவரும் ஒரு காலத்தில் பையனாக இருந்திருப்பாரன்றோ? அந்த அறிவை அவர் எங்கே கற்றார்? கற்கும்போது என்னென்ன தவறுகள் செய்தார்? இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்ததே ‘எர்த்ஸீயின் மந்திரவாதி’ என்னும் முதல் நூல். 1968இல் வெளிவந்தது. 1971இலும் 1972இலும் அடுத்த இரண்டு நூல்கள் வந்தன. நெடிய இடைவெளிக்குப் பின் 1990இல் நான்காவதும், 2001இல் இறுதி நூல்கள் இரண்டும் வந்தன.

நிலமும் கடலும் சேர்ந்த பெயருடைய அவ்வுலகில் நூற்றுக்கணக்கான தீவுகள். அவற்றுள் கோன்ட் என்னும் மலைத் தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன். தாயை இழந்தவன், கொல்லனின் மகன். அவன் பெயர் கெட். பெயர்தான் கெட், ஆள் கெட்டவனல்லன். ஆற்றல் மிகுந்தவன், அதனினும் செருக்கு மிகுந்தவன். அச்செருக்கினால் அவன் ஓர் இருளை உலகில் அவிழ்த்துவிடுகிறான். அதன் பின் அந்த இருளுக்கு அஞ்சி ஓடுவதும், ஒரு நாள் திரும்பி நின்று அதையே துரத்துவதும் கதை. முடிவை இங்கே சொல்வது முறையன்று. படித்தே அறிய வேண்டிய முடிவு அது.

சூனியக் கதையை நம் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். இந்நூலில் கெட்டின் ஆசானாக ஓகியன் என்றொரு பெரியவர் வருகிறார். மழையை விலக்கும் வித்தை அறிந்தவர். சில்லறை வித்தைக்காரர்கள் தம் தலைக்கு மேல் வரும் மேகத்தை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே இருப்பவன் அதை இன்னோர் ஊருக்குத் தள்ளுகிறான். ஓகியனோ மழை பெய்யும் இடத்தில் பெய்யட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். மாணவன் நனைந்தபடி முகத்தைச் சுளிக்கிறான். ஆற்றல் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே அறிவு என்று கற்பிக்கும் கதை இது. செய்வினையைக் கண்டு அஞ்சும் வீட்டிலும், செய்வினையால் பிழைக்கும் வீட்டிலும் இதைப் படிக்கக் கொடுக்கலாம் என்பது நம் கருத்து.

இனி நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருவோம். இந்தக் கெட் எந்த நிறத்தவன்?

ஆங்கில மாயக்கதையின் நாயகன் என்றால் வெள்ளையனாகத்தான் இருப்பான் என்பது 1968இல் எழுதப்படாத சட்டம். அம்மையார் அதற்கு உடன்படவில்லை. உலக மாந்தரில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லரே, பிறகு கற்பனை உலகில் மட்டும் அனைவரும் ஏன் வெள்ளையராக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எர்த்ஸீயின் தீவு மக்களில் மிகுதியானோர் செம்புநிறமும் பழுப்புநிறமும் கருநிறமும் கொண்டவர்கள். வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் உடையவர்கள் கார்கர்கள் என்னும் கிழக்குத் தீவினர். முதல் அத்தியாயத்தில் கப்பலில் வந்து இறங்கி ஊர்களைக் கொளுத்துபவர்கள் அவர்கள்தாம்!

அம்மையார் இதைச் சொல்லும் முறைதான் நம்மை வியக்க வைக்கிறது. கெட்டின் நிறத்தை அவர் தொடக்கத்திலேயே பறைசாற்றவில்லை. முதலில் ஆட்டிடையனாக அவனோடு நம்மை மலையேற்றுகிறார். மூடுபனியை வரவழைத்து அவன் ஊரைக் காக்கும்போது நாமும் அவனுடன் மூச்சை அடக்கி நிற்கிறோம். ஆசானோடு அவன் பிணங்கும்போது நமக்கும் மனம் கசக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில், ரோக் தீவின் கல்விக்கூடத்தில், வெட்ச் என்னும் நண்பன் வருகிறான். அவனது கருநிறத்தைச் சொல்லும்போதுதான், கெட் செம்பழுப்பு நிறத்தவன், தீவு மக்களில் பெரும்பாலோர் அந்நிறத்தவரே என்பது ஒப்புமையாக, போகிறபோக்கில் வருகிறது. அதற்குள் வாசகன் கெட்டாகவே ஆகிவிட்டான். வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் அவ்வரியைப் படித்து நிமிரும்போது, தான் அதுவரை ஒரு செம்புநிறத்தவனின் தோலுக்குள் இருந்து அழுததையும் சிரித்ததையும் உணர்கிறான். அம்மையார் இதை வேண்டுமென்றே செய்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

திரையால் இதைச் செய்ய இயலுமா? எவ்வளவு நல்ல இயக்குநராயினும், எவ்வளவு பொருத்தமான நடிகராயினும் இயலாது. முதற்காட்சியில் முதல் நொடியிலேயே நிறம் தெரிந்துவிடும். முதலில் நெஞ்சு, பிறகு நிறம் என்பது எழுத்தின் வரிசை. முதலில் நிறம், பிறகே நெஞ்சு என்பது திரையின் வரிசை. நம் வாழ்க்கையில் மனிதரை நாம் சந்திப்பதும் இரண்டாவது வரிசையில்தான். அதை மாற்றிக் காட்டும் ஒரு சாதனம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வாய்ப்பும் ஒரே முறைதான். தொடரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருபவர்க்கு அது இல்லை.

எர்த்ஸீக்குத் தொலைக்காட்சியில் நேர்ந்தது இதனினும் பெரிய இழப்பு. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை சேனல், முதல் இரண்டு நூல்களையும் கலந்து, இரண்டு இரவுகளில் ஒளிபரப்பும் குறுந்தொடராக ஆக்கிற்று. கெட்டாக நடித்தவர் ஷான் ஆஷ்மோர் என்னும் வெள்ளை இளைஞர். முதன்மைப் பாத்திரங்களில் கருநிறத்தவராக வந்தவர் ஓகியன் வேடத்தில் நடித்த டேனி குளோவர் ஒருவரே. செம்புநிறத் தீவுகள் ஒரே இரவில் வெளுத்துப்போயின!

பெயரிலும் கை வைத்தார்கள். எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள். ஊரார் அழைக்கும் பெயர் ஒன்று. உண்மைப் பெயர் மற்றொன்று. உண்மைப் பெயரை அறிந்தவர் அவரை ஆளலாம். ஆதலால் உயிரினும் மேலாக நம்பும் நண்பனிடம் மட்டுமே அதைச் சொல்வார்கள். ஆதம் நபிக்கு இறைவன் பெயர்களைக் கற்பித்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பெயரின் கண்ணியத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. நூலில் ஊரார் அவனை அழைப்பது ‘வல்லூறு’ என்று. மறைத்துக் காக்கும் பெயர் கெட். தொடரில் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். மறைவாயிருக்க வேண்டிய பெயர் எல்லோர் வாயிலும் புழங்கிற்று. தொடரை மட்டும் பார்த்தவர், நூலில் வெட்ச் தன் உண்மைப் பெயரை நண்பனுக்குச் சொல்லும் இடத்துக்கு வரும்போது அந்தக் கொடையின் எடையை எப்படி அறிவார்?

அம்மையாருக்கு ஒப்பந்தத்தில் ஆலோசகர் என்று ஒரு பட்டம் இருந்தது. அது வெறும் பட்டமே, தம் சொல் எதுவும் அவையேறவில்லை என்று அவர் வெளிப்படையாக எழுதினார். தொடர் வந்த அதே மாதத்தில் ‘ஸ்லேட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, தம் உலகை வெள்ளையடித்துவிட்டார்கள் என்று சொன்னது. வண்ணத்தோல் கொண்ட வாசகர்கள் பலர், தாங்கள் சிறுவயதில் படித்த மாயக்கதைகளில் தங்களுக்கும் இடமிருந்த கதை இது ஒன்றுதான் என்று தமக்கு எழுதியதை அதில் அவர் நினைவுகூர்ந்தார். நூல்களின் உறைகளிலும் இதே போரைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அவர். முதற்பதிப்பின் உறையில் ரூத் ராபின்ஸ் வரைந்த முகம் செம்பழுப்பு நிறத்ததே. பின்வந்த பதிப்புகள் பலவற்றில் அம்முகம் வெளுத்தது.

ஆக, வழக்கு இப்போது வேறு உருவம் கொள்கிறது. 2004இல் அந்தத் தொடரைப் பார்த்தவர்களுள், ஏதோ களவு போயிற்று என்று அறிந்தவர் யார்? முன்னமே நூலைப் படித்தவர் மட்டுமே. மற்றவர்க்கு அது சுமாரான ஒரு மாயக்கதைத் தொடர். இழந்தது இன்னதென்று தெரியாத இழப்பு.

நம் வீட்டில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பேத்திக்கு வயது பதினொன்று. அத்தொடரைப் பார்க்க விரும்பினாள். நூலை அவள் கையில் கொடுத்தோம், ஆங்கிலத்திலேயே படிக்கலானாள். இரண்டாம் அத்தியாயம் படித்துக்கொண்டிருந்தபோது, கைத்தடியும் ஆடுகளுமாகக் கெட்டைப் படம் வரைந்தாள். முகத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டிய நேரம் வந்தது. “நன்னா, ஸ்கின் கலர் பென்சிலக் காணோம்” என்றாள். நம் பிள்ளைகள் ‘ஸ்கின் கலர்’ என்று அழைக்கும் பென்சிலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த வெளிர்நிறம். அந்நிறத் தோல் அவளுக்கில்லை, அவள் வாப்பாவுக்கில்லை, நமக்கும் இல்லை. எனினும் தோலின் நிறம் என்றால் அதுதான் என்று அப்பிள்ளைக்கு யாரோ எப்போதோ கற்பித்திருக்கிறார்கள். பென்சிலைத் தேடி எடுத்து முகத்தை வெளுப்பாகத் தீட்டினாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. நூல் சொல்லட்டும் என்று இருந்தோம்.

மூன்று நாள் கழித்து, திறந்த நூலோடு ஓடி வந்தாள். விரல் ஒரு வரியின்மேல் இருந்தது. “நன்னா, இவன் நம்ம வாப்பா கலரா?” என்று கேட்டாள். ஆம் என்றோம். சற்று நேரம் தன் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய படத்தை ஒதுக்கிவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். பழுப்புப் பென்சிலையும் செங்கல் நிறப் பென்சிலையும் மாற்றி மாற்றித் தீட்டினாள். நூலை முடித்தபின் தொடரையும் காட்டினோம். கெட் திரையில் தோன்றியதும் அவள் கேட்டது ஒரே கேள்வி: “இது யாரு?”

இந்தக் கேள்விக்காகவே நூலை முதலில் படிக்க வேண்டும் என்கிறோம். இது யார் என்று திரையைக் கேட்கும் உரிமை, நாயகனை முன்பே அறிந்தவளுக்குத்தான் உண்டு.

நம் முன்னோர் ஹதீஸ் கலையில் கடைப்பிடித்த முறை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் அவர்கள் ஏற்றுவிடவில்லை. இதை யாரிடம் கேட்டீர், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலியைப் பின்தொடர்ந்தார்கள். இமாம் புகாரி அவர்கள் அதற்காக நாடு நாடாகப் பயணம் செய்தார்கள். கதை நூலை அந்தப் புனிதக் கலையோடு ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டா. அப்பெரியோர் நமக்கு விட்டுச்சென்ற ஒரு பழக்கத்தையே சொல்கிறோம்: சொன்னவரின் வாய்ச்சொல் கிடைக்கும்போது, சொன்னதாகச் சொல்பவரின் சொல்லோடு நின்றுவிடக் கூடாது என்னும் பழக்கம். நம்மைப் பற்றியும் நம் வரலாற்றைப் பற்றியும் பிறர் எடுக்கும் படங்களைப் பார்த்து மனம் புழுங்கும் நாம், பிறர் கதைகளைத் திரையின் வாயிலாக மட்டுமே அறிந்துகொண்டு நிறைவடைந்தால் அது நியாயமாகுமா?

இதனால் படமும் திரையும் பகை என்று நாம் சொல்லவில்லை. சார்லஸ் வெஸ் என்னும் ஓவியர் எர்த்ஸீ நூல்கள் அனைத்துக்கும் படம் வரைந்தார். அம்மையாரிடம் கேட்டுக் கேட்டு, நான்கு ஆண்டுகள் உழைத்து, அவர் மனத்தில் இருந்த தீவுகளையும் பறவைநாகங்களையும் மனித முகங்களையும் தாளில் கொண்டுவந்தார். 2018 ஜனவரியில் அம்மையார் மறைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் அந்தப் பெருநூல் வெளிவந்தது. அதில் கெட் செம்புநிறத்தவனாகவே நிற்கிறான். ஆசிரியரிடம் கேட்கும் படம் நூலுக்குத் துணை. கேளாத படத்துக்கு முன்னால் நூலைப் படித்த கண் வேண்டும்.

படித்துவிட்டுப் பார்த்தால் ஏமாற்றம் வரும் என்பார்க்கு நம் விடை இதுதான். வரட்டும். ஏமாற்றம் அடைவதற்கும் ஓர் அறிவு வேண்டியிருக்கிறது. நல்ல தொடராக இருந்தால் மகிழ்ச்சி இரட்டிப்பாகும். தீயதாக இருந்தால், கெட்டுப்போனது திரைதான், கதையன்று என்றாவது தெரியும்.

நூல்கள் ஆறு, பக்கங்கள் ஆயிரத்துக்கு மேல், நேரமோ இல்லை என்று சொல்லும் அன்பர்க்கு ஒரு சலுகை தருகிறோம். எந்த மாயக்கதையாயினும் தொடரின் முன் அமர்வதற்குமுன், முதல் மூன்று அத்தியாயங்களையேனும் படித்துவிடுங்கள். எர்த்ஸீயில் அது ஒரு மாலைப்பொழுதின் வேலை. அதற்குள் வெட்ச் வந்துவிடுவான். வண்ணப் பென்சில் பெட்டியில் எதை எடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.